எண்பது வந்ததும் எழுந்துவிடுங்கள்

தே ஆறிவிடும் அக்கா, குடித்துக்கொண்டே கேளுங்கள். தீபாவளிக்குச் செலாயாங்கிலிருந்து சுங்கை பட்டாணிக்குப் போகும்போது வழியில் எத்தனை முறை சார்ஜ் ஏற்ற வேண்டும் என்றுதானே கேட்டீர்கள்? ஒரே ஒரு முறை போதும். அதுவும் 20, 25 நிமிடம். பிள்ளைகள் கழிவறைக்குப் போய்வந்து ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு முறையை எங்கே வைத்துக்கொள்வது, எவ்வளவு ஏற்றுவது, அங்கே எப்படி நடந்துகொள்வது என்பதை வீட்டிலேயே யோசித்து வைத்துவிட வேண்டும். பெட்ரோல் காரில் இதையெல்லாம் யோசிக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. அதனால்தான் இது பெரிய விஷயம்போலத் தெரிகிறது. ஒருமுறை கணக்குப் புரிந்துவிட்டால் பிறகு பயமே இருக்காது.

முதலில் காரின் கணக்கு. நீங்கள் வாங்கியிருப்பது புரோட்டோன் இ.மாஸ் 7, பெரிய பேட்டரி உள்ள வகை. 2024 டிசம்பரில் வந்த, நம் நாட்டின் முதல் தேசிய மின்சாரக் கார். அதன் பேட்டரி 60 கிலோவாட்-மணி. மின்சார பில்லில் யூனிட் என்று பார்க்கிறோமே, அதே கணக்கில் 60 யூனிட். முழுதாக ஏற்றினால் 410 கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரத் தாளில் போட்டிருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த எண் வந்த சோதனையில் காரின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 46 கிலோமீட்டர்தான். நீங்கள் போகப்போவதோ வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில், 110 வேகத்தில், ஐந்து பேரோடு, பின்னால் பெட்டிகளும் முறுக்கு டின்களும் அடுக்கி, ஏர்கான் ஓடவிட்டு. அப்படிப் போனால் 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 யூனிட்டுக்கு 330 கிலோமீட்டர். உங்கள் பயணத்துக்கு இந்த 330-தான் உண்மையான எண். 410-ஐ மறந்துவிடலாம்.

நெடுஞ்சாலையில் ஏன் இவ்வளவு குறைகிறது? காற்றுதான் காரணம். வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு அதே அளவில் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 110-இலிருந்து 90-க்கு இறங்கினால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காற்றைக் கிழிக்க ஆகும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். பெட்ரோல் காருக்கும் இதே விதிதான். அங்கே இயந்திரத்தின் வெப்பத்திலேயே எரிபொருளின் பெரும்பகுதி போய்விடுவதால் இந்த வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. இதைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் பெரிய ஆதாயம் இருக்கிறது. எப்போதாவது சார்ஜ் இழுபறியாகத் தெரிந்தால் ஏர்கானை நிறுத்திப் பிள்ளைகளை வேக வைக்க வேண்டாம். இடது தடத்துக்கு வந்து 90-இல் போங்கள். ஏர்கான் மணிக்கு ஒன்றிரண்டு யூனிட்தான் எடுக்கும். அதைவிட வேகத்தில் மிச்சமாவதுதான் அதிகம்.

இப்போது வழியைப் பார்ப்போம். செலாயாங்கிலிருந்து ரவாங் பக்கமாக நெடுஞ்சாலை ஏறினால் தாப்பா ஏறத்தாழ 135 கிலோமீட்டர், ஈப்போ 185, சுங்கை பட்டாணி 360. முந்தைய இரவே வீட்டில் 100 சதவீதம் ஏற்றிவிடுங்கள். உங்கள் காரில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரி. அவ்வப்போது முழுதாக ஏற்றுவது அதற்குக் கெடுதல் இல்லை. மிச்சம் எவ்வளவு என்று கார் சரியாகக் கணக்கிட அது உதவவும் செய்யும். வீட்டில் ஒரு யூனிட் ஏறத்தாழ அரை ரிங்கிட், வெளியே அதிவேக சார்ஜரில் ஒரு ரிங்கிட்டுக்கு மேல். நீண்ட பயணத்தின் மலிவான சார்ஜ் எப்போதும் வீட்டு வாசலில் ஏற்றியதுதான். அடுக்குமாடியில் இருப்பவர்கள் முதல் நாள் மாலையே ஏதாவது ஒரு பேரங்காடியின் மெதுவான சார்ஜரில் காரை விட்டு, தீபாவளிச் சாமான் வாங்கும் நேரத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

எல்லாரும் முதலில் நினைப்பது தாப்பா ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தைத்தான். அங்கே சார்ஜர் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, பழக்கமான இடம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தாப்பாவுக்குப் போய்ச் சேரும்போது உங்களிடம் இன்னும் 60 சதவீதம் இருக்கும். அங்கே 80 வரை ஏற்றினாலும் மீதி 225 கிலோமீட்டருக்கு 68 சதவீதம் தேவை. சுங்கை பட்டாணிக்குள் நுழையும்போது 12 சதவீதம்தான் மிஞ்சும். மனம் பதறிக்கொண்டே ஓட்ட வேண்டிவரும். ஈப்போவில் நிறுத்தினால் கதை வேறு. அங்கே 45 சதவீதத்தோடு சேர்வீர்கள். 80 வரை ஏற்ற 21 யூனிட் போதும். மீதி 175 கிலோமீட்டருக்கு 53 சதவீதம். வீடு சேரும்போது 27 சதவீதம் கையில் இருக்கும். ஒரே கார், ஒரே வழி, நிறுத்துகிற இடம் மட்டும் 50 கிலோமீட்டர் தள்ளிப் போனது. சார்ஜர் கண்ணில் பட்ட இடத்தில் நிறுத்த வேண்டியதில்லை. பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு, 20 சதவீதத்தைத் தொடும் முன்பு, எந்த இடம் வருகிறது என்று பார்த்து அங்கே நிறுத்துங்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஈப்போவில் வரிசை நீளமாக இருந்தால்? சார்ஜர் பழுதாகி இருந்தால்? 45 சதவீதத்தில் 15-ஐ அவசரக் கையிருப்பாக ஒதுக்கிவிட்டாலும் மீதி 30 சதவீதத்தில் 100 கிலோமீட்டர் போகலாம். தைப்பிங் அந்த எல்லைக்குள் இருக்கிறது. கோலாகங்சார் போகும் வழியில் மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேட்டில் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்பிவிடும். ஆகவே முதல் இடம் ஈப்போ, இரண்டாம் இடம் தைப்பிங் என்று புறப்படும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பயணத்துக்கும் இதையே செய்யுங்கள். முதல் இடத்தைச் சேரும்போது இரண்டாம் இடம்வரை போகும் அளவு சார்ஜ் மிச்சம் இருக்க வேண்டும். அது இருந்தால் வழியில் எது நடந்தாலும் நீங்கள் நடுரோட்டில் நிற்கப் போவதில்லை.

வரைபடத்தில் சார்ஜரைத் தேடும்போது பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஆர் அண்ட் ஆர் என்றால் வடக்கே போகிறவர்களுக்கு ஒன்று, தெற்கே வருகிறவர்களுக்கு ஒன்று. தெற்கு நோக்கிய பக்கத்தில் சார்ஜர் இருந்து நீங்கள் வடக்கே போய்க்கொண்டிருந்தால் அது உங்களுக்கு உதவாது. நடுவே தடுப்புச் சுவர் இருக்கும். அந்தப் பக்கம் போக டோலில் வெளியேறித் திரும்பி வர வேண்டும். செயலியில் சார்ஜர் பெயரோடு வடக்கு, தெற்கு என்று போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நகருக்குள் இருக்கும் சார்ஜருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஈப்போவில் டோல் தாண்டி வெளியே போய் ஏற்றிவிட்டுத் திரும்பி ஏறினாலும் தூரத்துக்கு ஏற்பவே டோல் என்பதால் பெரிய இழப்பு இல்லை. பண்டிகை நாளில் ஆர் அண்ட் ஆரில் கார் நிறுத்தவே இடம் தேடும்போது, ஊருக்குள் ஒரு பேரங்காடியில் ஏற்றுவதுதான் பல நேரம் வேகமானது.

சார்ஜர் இருக்கும் இடம் மட்டும் தெரிந்தால் போதாது, எத்தனை இருக்கிறது என்றும் பாருங்கள். ஒற்றைச் சார்ஜர் உள்ள இடத்தை நம்பிப் போனால் உங்கள் பயணம் முன்னால் நிற்பவரின் கையில் இருக்கிறது. நான்கு ஐந்து இருக்கும் இடத்தில் ஒன்று பழுதானாலும் காரியம் நடக்கும். ஜென்தாரி, ஜோம்சார்ஜ், சார்ஜ்ஈவி, தெனாகாவின் எலெக்ட்ரோன், ஷெல் ரீசார்ஜ் என்று நிறுவனங்கள் பல. செயலிகளும் பல. ஒரு செயலியில் இன்னொரு நிறுவனத்தின் சார்ஜரையும் இயக்கும் வசதி சில இடங்களில் வந்துவிட்டது. ஆனாலும் இரண்டு மூன்று செயலிகளை வீட்டிலேயே இறக்கி, பெயர் பதிந்து, வங்கி அட்டையை இணைத்து வைத்துவிடுங்கள். பேரங்காடியின் அடித்தளத்தில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காத இடத்தில் நின்றுகொண்டு கணக்குத் திறக்க முயல்வது கொடுமை. சில சார்ஜர்களை முன்பதிவு செய்ய முடியும். 2022-இல் ஷெல்லும் போர்ஷேவும் சேர்ந்து தங்காக்கில் தொடங்கி நெடுஞ்சாலையோரம் வைத்த 180 கிலோவாட் சார்ஜர்கள் முன்பதிவோடுதான் வந்தன. முன்பதிவு செய்தால் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். வர முடியாவிட்டால் உடனே ரத்து செய்துவிடுங்கள். யாருமில்லாத சார்ஜருக்கு முன்னால் ஒருவர் காத்திருக்கும் நிலையை உண்டாக்காதீர்கள்.

சரி, ஏன் 80 சதவீதம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்? சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் பேட்டரியின் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி மறுபக்கத்தில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்கார்கின்றன. பேட்டரி காலியாக இருக்கும்போது இடம் தாராளம். அதனால் வேகமாக ஏற்றலாம். நிறைய நிறைய இடம் சுருங்குகிறது. அப்போதும் அதே வேகத்தில் திணித்தால் அயனிகள் உள்ளே போக முடியாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்தால் பேட்டரியின் ஆயுள் குறையும், ஆபத்தும் உண்டு. அதைத் தவிர்க்கக் காரே மின்சாரத்தைக் குறைத்து வாங்கிக்கொள்கிறது. சார்ஜர் 180 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் எவ்வளவு எடுப்பது என்பதை முடிவு செய்வது உங்கள் கார்தான். இ.மாஸ் 7-இன் உச்சம் 100 கிலோவாட். வெயிலில் நீண்ட நேரம் ஓடிச் சூடான பேட்டரி அதைவிடக் குறைவாகவும் எடுக்கலாம். ஆகவே 45-இலிருந்து 80 வரை 20 நிமிடத்தில் ஏறிவிடும். 80-இலிருந்து 100 வரை வெறும் 12 யூனிட்தான். அதற்கு இதே நேரமோ இன்னும் அதிகமோ பிடிக்கும். நேரத்தின் அடிப்படையில் கட்டணம் வாங்கும் சார்ஜராக இருந்தால் அந்த மெதுவான கடைசிப் பகுதிக்குத்தான் நீங்கள் அதிகம் கொடுத்திருப்பீர்கள்.

நான் மிகவும் அக்கறையோடு சொல்ல நினைப்பது இதைத்தான் அக்கா. உங்களுக்கு எது வேகமோ அதுவேதான் அடுத்தவருக்கும் நல்லது. தீபாவளிக்கு முதல் நாள் ஒரு சார்ஜரில் உங்களுக்கு முன்னால் மூன்று கார்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் 80 வந்ததும் 25 நிமிடத்தில் நகர்ந்தால் நீங்கள் 75 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒவ்வொருவரும் 100 வரை ஏற்றி ஒரு மணிநேரம் எடுத்தால் 3 மணிநேரம். அந்த 3 மணிநேரத்தில் பாதிக்கும் மேற்பட்டது யாருக்கும் அவ்வளவாகப் பயன்படாத கடைசி 20 சதவீதத்துக்காகப் போனது. கோயிலில் அன்னதானப் பந்தியில் சாப்பிட்டு முடித்ததும் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுகிறோம் இல்லையா? பின்னால் நிற்பவர் பசியோடு இருக்கிறார் என்று நமக்குச் சொல்லித்தர யாரும் வேண்டியதில்லை. சார்ஜரும் பந்திதான். 80 வந்ததும் எழுந்துவிட வேண்டும்.

விதிவிலக்கு உண்டு. அடுத்த சார்ஜர் வெகு தூரத்தில் இருந்து 80 போதாது என்று கணக்கு சொன்னால் 90 வரை ஏற்றுவது நியாயம். பின்னால் யாரும் இல்லையென்றாலும் தாராளமாக ஏற்றுங்கள். வரிசை இருக்கும்போது மட்டும், "எனக்கு எவ்வளவு வேண்டும்?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

காரில் கேபிளைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம். ஆனால் செயலி காட்டும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே திரும்பிவிடுங்கள். சார்ஜ் முடிந்த பிறகும் கார் அங்கேயே நின்றால் சில நிறுவனங்கள் நிமிடக் கணக்கில் கூடுதல் கட்டணம் போடுகின்றன. அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். கட்டணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் கைப்பேசி எண்ணை ஒரு அட்டையில் எழுதி முன்கண்ணாடிக்குள் வைத்துவிடுங்கள். யாருக்காவது அவசரம் என்றால் அழைப்பார்கள். அதேபோல் மற்றவர் காரில் செருகியிருக்கும் கேபிளை நீங்களாகப் பிடுங்காதீர்கள். அவர் 100-ஐத் தொட்டுவிட்டார் என்று திரையில் தெரிந்தாலும் முதலில் அழையுங்கள், கிடைக்காவிட்டால் அந்த இடத்தின் பாதுகாவலரிடம் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சார்ஜரின் சிவப்பு அவசரப் பொத்தானை அழுத்துவது தீ, புகை போன்ற ஆபத்துக்கு மட்டுமே.

இரண்டு கேபிள் உள்ள சார்ஜர்களில் பலவற்றில் இரண்டு கார்கள் ஏறினால் மின்சாரம் பங்காகும். 180 கிலோவாட் என்றால் ஆளுக்கு 90. பக்கத்தில் முழுதாகக் காலியாக இருக்கும் வேறு சார்ஜர் இருந்தால் அங்கே போய் நில்லுங்கள். இருவருக்கும் வேகம் கிடைக்கும். வரிசைக்குக் கோடு போட்ட இடம் பெரும்பாலும் இருக்காது. ஆகவே வந்ததும் இறங்கி, ஏற்கனவே காத்திருப்பவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "அண்ணே, நீங்கதான் அடுத்தா?" என்ற ஒரு வார்த்தை பெரிய சண்டையைத் தவிர்த்துவிடும். ஒருவர் 5 சதவீதத்தோடு கைக்குழந்தையுடன் வந்து நின்றால், உங்களிடம் 50 இருந்தால், அவரை முன்னே விடுங்கள். எந்தச் சட்டமும் அதைச் சொல்லாது. நீங்கள்தான் செய்ய வேண்டும்.

சார்ஜர் இடத்தில் பெட்ரோல் கார் நின்றால் கோபம் வரும். நிறையப் பேருக்கு அந்தத் தரைக் குறியின் பொருளே தெரியாது. பணிவாகச் சொன்னால் பெரும்பாலானோர் எடுத்துவிடுவார்கள். சார்ஜ் ஏற்றாமல் அங்கே நிற்கும் மின்சாரக் காரும் அதே தவறைத்தான் செய்கிறது. முடித்துக் கிளம்பும்போது கேபிளைச் சுருட்டி அதன் இடத்தில் மாட்டுங்கள். தரையில் விட்டால் யாரோ ஒருவரின் சக்கரம் அதன் மேல் ஏறும். அடுத்து வருபவருக்குச் சார்ஜர் இல்லாமல் போகும். பழுதான சார்ஜரைக் கண்டால் செயலியில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். உங்கள் இரண்டு வரி பின்னால் வரும் இன்னொரு குடும்பத்தின் ஒரு மணிநேரத்தைக் காப்பாற்றும்.

மழையில் ஏற்றலாமா என்று அத்தை கேட்டார்களாமே. ஏற்றலாம். கேபிளின் முனை காரில் பொருந்திப் பூட்டிக்கொண்டு, காரும் சார்ஜரும் ஒன்றையொன்று சரிபார்த்த பிறகுதான் மின்சாரமே பாயத் தொடங்கும். கையில் பிடித்திருக்கும்போது அதில் மின்சாரம் இருக்காது. முனைக்குள் தண்ணீர் தேங்காமல் பிடியுங்கள், இடி மின்னல் கடுமையாக இருந்தால் அடங்கும்வரை காருக்குள் இருங்கள். அவ்வளவுதான்.

சுங்கை பட்டாணியில் மாமா வீட்டில் ஏற்றிக்கொள்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரண மூன்று முனைச் சுவர்ப் பிளக்கில் ஏற்றும் கையடக்கக் கருவி மணிக்கு ஏறத்தாழ 2 யூனிட் ஏற்றும். இரவு பத்து மணிநேரத்தில் 20 யூனிட், பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு இரவு தங்கினால் திரும்பிவரத் தேவையானதில் பெரும்பகுதி தயார். ஆனால் வயரிங் பழையதாக இருக்கும் வீட்டில், முக்கியமாகத் தோட்டத்துப் பழைய வீடுகளில், இதைச் செய்யாதீர்கள். பத்து மணிநேரம் இடைவிடாமல் இழுக்கும் மின்சாரத்தில் தளர்ந்த பிளக்கும் மெல்லிய வயரும் சூடேறி உருகிவிடும். நீட்டிப்பு வயர் போட்டு ஒருபோதும் ஏற்றக் கூடாது. வயரிங் நன்றாக இருந்து ஏற்றினால், கிளம்பும்போது அத்தையின் கையில் பில்லுக்கென்று பணம் கொடுத்துவிட்டு வாருங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். 40 யூனிட்டுக்கு 20 ரிங்கிட் ஆகும். சாமி மேடையில் வைத்துவிட்டாவது வாருங்கள்.

அடுத்த விடுமுறைக்குக் கேமரன் மலை போகும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு. தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். ஆனால் ஏறும் உயரம் 1,400 மீட்டர். ஆட்களோடு 2 டன் எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே 8 யூனிட் போகும், ஓடும் செலவு தனி. அந்தப் பயணத்துக்குத் தாப்பாவில் ஏற்றுவதுதான் சரி. இறங்கும்போது தூக்கிய 8 யூனிட்டில் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்பி வரும். அதனால் மேலிருந்து கிளம்பும்போது 100 வைத்துக்கொள்ளாதீர்கள். நிறைந்த பேட்டரியில் அந்த மின்சாரம் போய்ச் சேர இடம் இருக்காது.

இதெல்லாம் இன்னும் சில வருடங்களுக்குத்தானா என்று கேட்கலாம். 2022-இல் நம் நாட்டில் மின்சாரக் கார் பதிவு சில ஆயிரம்தான். 2024-இல் அது 20,000-ஐத் தாண்டியது. 2025-க்குள் 10,000 பொதுச் சார்ஜர்கள், அவற்றில் 1,000 அதிவேகமானவை என்று அரசு இலக்கு வைத்தது. சார்ஜர்கள் கூடிக்கொண்டே போகின்றன, கார்களும் கூடுகின்றன. பண்டிகைக்கு முதல் நாள் வரிசை மட்டும் எந்த எண்ணிக்கையிலும் முழுதாக மறையாது, ஏனென்றால் அன்று எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். அந்த வரிசையில் எப்படி நடந்துகொள்வது என்ற வழக்கம் நம் ஊரில் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது. முதலில் வந்தவர்கள் நாம். நாம் 80-இல் எழுந்தால் அடுத்து வருபவரும் எழுவார். நாம் 100 வரை உட்கார்ந்தால் அதுவே வழக்கமாகிவிடும். பின்னால் மாற்றுவது கடினம்.

ஆகவே இன்றிரவே இரண்டு வேலை செய்யுங்கள் அக்கா. செயலிகளை இறக்கிப் பணம் போட்டு வையுங்கள். ஈப்போ, தைப்பிங் என்று ஒரு தாளில் எழுதி, இரண்டிலும் எத்தனை சார்ஜர் வேலை செய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பண்டிகைக்கு முதல் நாளை விட்டுவிட்டு, இரண்டு நாள் முன்னதாக, விடியும் முன் கிளம்புங்கள். ஈப்போ சேரும்போது பசியாறும் நேரமாக இருக்கும், வரிசையும் இருக்காது. சந்தேகம் வந்தால் வழியிலிருந்தே கூப்பிடுங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம்.